மாடிக்கு ஏறுமுன் சொல்லிவிடுங்கள்: மலையக ஹோட்டல் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உரிமையாளர்களே, முகாமையாளர்களே,

கண்டி, ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, எல்ல என்று மலையகம் எங்கும் ஹோட்டல் உச்சியில் மேசை போட்டு, விளக்குச் சரம் கட்டி ரூஃப்டொப் பார் திறந்திருக்கிறீர்கள். அந்த மாடிகளில் கிளாஸ் ஏந்துகிறவர்களும், அடுப்படியில் நிற்கிறவர்களும், ஹீட்டரையும் வயரையும் கவனிக்கிறவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். நாங்கள் கேட்பது ஒன்றுதான். மேலே என்ன இருக்கும், என்ன இருக்காது என்பதை விருந்தினர் படியேறுமுன் சொல்லிவிடுங்கள். கொழும்பு மாடிகளின் படத்தை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர் இங்கே ஏமாந்துபோகிறார். அந்த ஏமாற்றம் கோபமாக மாறும்போது அதை வாங்கிக்கொள்வது தட்டேந்தி நிற்கும் பிள்ளைதான்.

முதலில் குளிர். உயரம் 1,000 மீற்றர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய 6.5 பாகை குறையும். கண்டி சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, எல்ல 1,000 மீற்றருக்குச் சற்று மேலே, நுவரெலியா 1,868 மீற்றரில். ஆகவே மலைநாட்டு மாடி என்று பொதுவாகச் சொல்வதில் பொருளில்லை. கண்டியில் மெல்லிய சட்டையோடு இரவு 9 மணி வரை இருக்கலாம். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி படியும் நாட்களும் உண்டு. அங்கே பொழுது இறங்கிய பிறகு ஒரு ஸ்வெட்டர் மட்டும் போதாது. காதை மூடும் தொப்பியும் மூடிய சப்பாத்தும் வேண்டும். மேசை பதிவானதும் அனுப்புகிற செய்தியிலேயே இதை ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம்.

குளிருக்கு ஒரு பெக் போட்டால் உடம்பு சூடாகும் என்று நம்புகிறவர்கள் இன்னும் நிறையப் பேர். மது தோலுக்கடியில் இருக்கும் இரத்தக்குழாய்களை விரிக்கிறது. தோல் கதகதப்பாகத் தெரிகிறதே தவிர, உடம்பின் உட்சூடு வெளியே போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு மணி நேரம் குடித்துவிட்டு ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் தொங்கவிடுகிறவரிடம் "திரும்பப் போட்டுக்கொள்ளுங்க சேர்" என்று சொல்ல எங்களுக்கு அனுமதி வேண்டும். பல இடங்களில் அதை வாய்நீளம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது காட்சி. விளம்பரத்தில் நீங்கள் விற்பது மதுவை அல்ல, அந்தி வெயிலை. நம் நாட்டில் வருடம் முழுக்க மாலை 6 மணியை ஒட்டியே சூரியன் மறைகிறது, அரை மணிக்குள் முழு இருட்டு. மேற்கே ஒரு மலை நின்றால் அதற்கும் முன்பே வெளிச்சம் போய்விடும். 7 மணிக்கு மேசை கேட்கிறவருக்குக் காட்சி எதுவும் மிஞ்சாது. 4.30 மணிக்கு வரச் சொல்லுங்கள். மூடுபனியைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான நாட்களில் காலை தெளிவாக இருக்கும், மதியத்துக்குப் பிறகு பள்ளத்தாக்கிலிருந்து மூட்டம் ஏறும். மேற்குச் சரிவில், அதாவது ஹட்டன், மஸ்கெலியா பக்கத்தில், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை. ஊவாப் பக்கத்தில், அதாவது பண்டாரவளை, எல்ல, ஹப்புத்தளையில், அதே மாதங்கள் வறண்டு கிடக்கும். அங்கே மழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. ஹப்புத்தளையில் தெளிந்த நாளில் தென்கரை வரை தெரியும், மூட்டம் இறங்கினால் பக்கத்து மேசையே தெரியாது. இரண்டு படங்களையும் போடுங்கள். மூட்டத்துக்குள் உட்கார்ந்து பிளேன்டி குடிப்பதும் தனிச் சுகம்தான், அதற்கென்றே வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஊவாவில் வறண்ட மாதங்கள் என்றால் கச்சான் காற்று. மேற்கே மழையைக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டி வருகிற காற்று அது. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குப் பேர்பெற்ற மணத்தைக் கொடுப்பதும் அதுதான், பண்டாரவளை மாடியில் குடையைப் பிடுங்கி எறிவதும் அதுதான். அந்த மாதங்களில் பெரிய குடை வேண்டாம். வைத்தே தீர வேண்டுமென்றால் அடிக்கல் குறைந்தது 50 கிலோ இருக்கட்டும், காற்று எழுந்ததும் மடக்கிக் கட்டுகிற பொறுப்பு ஒரே ஆளிடம் இருக்கட்டும். மெலிந்த தண்டுள்ள வைன் கிளாஸுக்குப் பதிலாக அடிகனத்த கிளாஸ் கொடுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காற்றைவிட இடிதான் பெரிய ஆபத்து. மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவாக எண்ணினால் மின்னல் 10 கிலோமீற்றருக்குள் இருக்கிறது என்று பொருள். உடனே எல்லாரையும் கீழே இறக்கி, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப மேலே விட வேண்டும். இடிதாங்கி கட்டடத்தைத்தான் காக்கும், திறந்த மாடியில் நிற்கிற ஆளை அல்ல. பில் முடியவில்லையே என்று அந்த நேரத்தில் எங்களை மேலே நிறுத்தாதீர்கள்.

இனி ஹீட்டர். இதை நாங்கள் நீட்டித்தான் சொல்ல வேண்டும், காரணம் இங்கே பிழைபோனால் உயிர் போகும்.

காளான் வடிவ காஸ் ஹீட்டர் ஒன்று முழு வேகத்தில் ஏறக்குறைய 13 கிலோவொற் வெப்பம் தரும், மணிக்கு ஒரு கிலோ காஸ் குடிக்கும். 12.5 கிலோ சிலிண்டர் 12 மணி நேரத்துக்குச் சற்று மேல் நிற்கும், மாலை 5 முதல் 11 வரை எரித்தால் இரண்டு இரவு. ஆனால் குளிரில் அந்தக் கணக்கு நிற்காது. காஸ் திரவமாக இருந்து ஆவியாகும்போது சிலிண்டரின் வெப்பத்தையே எடுத்துக்கொள்கிறது. வெளியே 10 பாகை என்றால், பாதிக்குக் கீழே இறங்கிய சிலிண்டரின் வெளிப்புறம் வியர்த்து, அமுக்கம் விழுந்து, சுவாலை மஞ்சளாகித் தளரும். பியூட்டேன் கூடிய கலவை என்றால் இது இன்னும் முந்தி வரும், ஏனெனில் பியூட்டேனின் கொதிநிலை பூச்சியத்துக்கு அரைப் பாகைதான் கீழே. புரொப்பேனுக்கு அது பூச்சியத்துக்கு 42 பாகை கீழே. அப்போது சிலர் சிலிண்டரைச் சுடுதண்ணீர் வாளியில் வைக்கச் சொல்கிறார்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். கீழே வைத்திருக்கும் இரண்டாவது சிலிண்டரை மாற்றிவிட்டு முதலாவதைக் குளிர் விடும்வரை சும்மா வைத்தால் போதும், மறுநாள் மீதி காஸும் எரியும்.

ஹீட்டரின் சூடு சுற்றிலும் இரண்டரை மீற்றருக்குமேல் எட்டாது, காற்றடித்தால் அதுவும் இல்லை. "ஹீட்டர் உண்டு" என்று எழுதினால் எல்லா மேசைக்கும் உண்டு என்றுதான் விருந்தினர் எடுத்துக்கொள்வார். எட்டு மேசைக்கு இரண்டு ஹீட்டர் என்றால் எத்தனை மேசைக்குச் சூடு எட்டும் என்பதைப் பதிவின்போதே சொல்லுங்கள்.

மழை வந்ததும் நாலு பக்கமும் படங்கை இறக்கி, நடுவில் ஹீட்டரை எரிய விடுகிற வழக்கம் மலையகம் முழுக்க இருக்கிறது. அடைத்த இடத்தில் காஸ் சரியாக எரியாமல் காபனோரொட்சைட்டு (கார்பன் மொனொக்சைட்) என்ற நச்சு வாயு சேரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் என்றுதான் தொடங்கும். பாரில் அதைப் பார்க்கிறவர் வெறி என்றுதான் நினைப்பார். படங்கு இறங்கினால் எதிரெதிரான இரண்டு பக்கம் திறந்தே இருக்க வேண்டும். ஹீட்டரின் தலையிலிருந்து படங்குக்கும் கூரைக்கும் ஒரு மீற்றர் இடைவெளி வேண்டும், சாய்ந்தால் தானாக அணைகிற சுவிட்ச் வேலை செய்கிறதா என்று வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும். கரிச்சட்டியை மூடிய இடத்துக்குள் கொண்டுவரவே கூடாது, அறைக்குள்ளும் கூடாது. கூரை போட்ட மாடியாக இருந்தால் 2 கிலோவொற் இன்ஃப்ராரெட் மின் ஹீட்டர்களைச் சுவரில் பொருத்துவதுதான் நல்லது. அது காற்றைச் சூடாக்காமல் நேராக ஆளைச் சூடாக்குகிறது, புகையும் இல்லை. மழை படுகிற இடத்துக்கென்று செய்ததையே வாங்குங்கள், 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் இணைப்புக் கொடுக்காதீர்கள்.

குடிக்கிறதைப் பற்றிக் கொஞ்சம். இந்த நாட்டின் பியர் தொழில் நுவரெலியாவில்தான் வேர்விட்டது, 19ஆம் நூற்றாண்டில். ஆனால் இந்த உயரம் ட்ராஃப்ட் பியருக்கு வசதியானதல்ல. கடல் மட்டத்தில் வளியமுக்கம் 101 கிலோபஸ்கால், நுவரெலியாவில் 81 அளவுதான். கொழும்பில் வைத்த அதே அழுத்தமானி அளவில் இங்கே பியரைத் திறந்தால் குழாயிலேயே வாயு பிரிந்து கிளாஸில் பாதி நுரையாக விழும். மானியை ஏறக்குறைய 3 பி.எஸ்.ஐ. கூட்டி வையுங்கள். வளைவு வளைவாக லொறியில் ஏறிவந்த பீப்பாயை ஒரு நாள் குளிரில் அசையாமல் வைத்த பிறகே திறக்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் "நுரை வருதே" என்று பார்மனைத் திட்டுவது நியாயமில்லை. வலுவையும் விருந்தினர் அறிந்திருக்க வேண்டும்: லயன் லாகர் 4.8 வீதம், லயன் ஸ்டவுட் 8.8 வீதம். இரண்டும் பியர்தானே என்று மாற்றி மாற்றிக் குடிக்கிறவருக்கு அதே அளவு ஸ்டவுட் லாகரின் ஏறக்குறைய இரு மடங்கு கணக்கு.

தேத்தண்ணிக்கும் இதே வளியமுக்கம்தான் இடைஞ்சல். நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. தேயிலை போடும் கேத்தலை முதலில் சுடுதண்ணீரால் கழுவிச் சூடாக்கி, கொதிக்கும்போதே ஊற்றி, ஐந்து நிமிடம் மூடிவைத்தால் சாயம் சரியாக இறங்கும். கீழ்மாடிக் குசினியில் ஊற்றி மேலே தூக்கிவந்தால் பச்சைத் தண்ணீரின் ருசிதான். பைட்ஸும் அப்படித்தான். டெவல்ட் கோழியும் பட்டரில் பொரித்த கணவாயும் மேலே வந்த ஐந்தாவது நிமிடம் ஆறி எண்ணெய் உறைந்துவிடும். தட்டைச் சூடாக்கி அனுப்புங்கள், அல்லது மாடிக்கென்று வறுத்த கச்சான் கொட்டை, கடலை, மரவள்ளிச் சீவல் என்று குளிரைத் தாங்குகிறவற்றை முன்னால் வையுங்கள்.

பில்லில் வருகிற சண்டைக்குக் காரணம் விலைப்பட்டியலின் அடியில் இருக்கும் இரண்டு சின்னக் கூட்டல் அடையாளங்கள். சேவைக் கட்டணம் 10 வீதம், 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். 1,000 ரூபா என்று அச்சிட்ட ஒரு கிளாஸ், வரியை எந்தத் தொகையின்மேல் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து 1,280 அல்லது 1,298 ஆகிறது. நாலு பேர் 10,000 ரூபா கணக்கில் குடித்துவிட்டு ஏறக்குறைய 13,000 கட்டும்போது முகம் மாறுவது இயல்புதானே. கட்ட வேண்டிய முழு விலையையே அச்சிடுங்கள். ஒரு பெக் என்பது 25 மில்லிலீற்றரா 50 மில்லிலீற்றரா என்பதையும், வெளியிலிருந்து போத்தல் கொண்டுவந்தால் எவ்வளவு என்பதையும் அதே பக்கத்தில் போடுங்கள்.

போயா தினத்தில் மது விற்க முடியாது. முழுநிலவை மாடியிலிருந்து பார்க்கலாம் என்று ஆசைப்பட்டுப் பதிவு செய்கிறவர் வருவது சரியாக அந்த நாளில்தான்! பதிவுப் புத்தகத்தில் வருடத்தின் எல்லாப் போயாவையும் இப்போதே சிவப்பில் குறித்துவிட்டு, அன்றைக்கு இஞ்சித் தேத்தண்ணியும் கித்துள் கருப்பட்டியும் பழச்சாறும் என்று சொல்லியே மேசை கொடுங்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம், அடையாள அட்டை கேட்கிற ஊழியரின் பக்கம் நில்லுங்கள். பெண் விருந்தினர் விடயத்திலும் குழப்பம் இருக்கிறது. மதுபானசாலையில் பெண்களுக்கு விற்பதைத் தடுத்த 1979ஆம் ஆண்டு அறிவித்தலை 2018 ஜனவரியில் நிதியமைச்சு நீக்கியது, சில நாட்களுக்குள் அன்றைய ஜனாதிபதி அதை மீளப்பெறச் சொன்னார். உங்கள் அனுமதிப்பத்திரம் என்ன சொல்கிறது என்பதை எங்களுக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரு பெண்ணை மேசையில் காக்க வைத்துவிட்டு உள்ளே போய்க் கேட்டுவருவது அவருக்கு அவமரியாதை.

லிஃப்ட் மாடிவரை போகாத ஹோட்டல்கள் பல. கடைசி இருபது படியை ஏற முடியாத அம்மாவை நாற்காலியோடு தூக்குகிற நிலைமை வரவிடாதீர்கள், படி எத்தனை என்று முன்பே சொல்லுங்கள். பளபளக்கும் டைல்ஸ் பனி விழுந்ததும் சறுக்கும். கைப்பிடிச் சுவர் 1.1 மீற்றருக்குக் குறைந்தால் படம் எடுக்க அதன்மேல் உட்காருவார்கள், கம்பிகளுக்கிடையே 10 சென்ரிமீற்றருக்குமேல் இடைவெளி இருந்தால் குழந்தை நுழையும்.

இந்த அறிவித்தல்கள் எல்லாம் தமிழிலும் இருக்கட்டும். விருந்தினரில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வருகிற நாட்கள் உண்டு. மாடியில் வேலை செய்கிறவர்களில் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். "ஹீட்டரைத் தொடாதீர்கள்" என்பதை அவரவர் மொழியில் படிக்க முடியாவிட்டால் அது எதற்கு?

கடைசியாக நேரம். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அனுமதி கொடுக்கலாகாது என்று 2007இல் உயர் நீதிமன்றம் சொன்னது. மாடியில் போடுகிற பாட்டு பள்ளத்தாக்கில் இறங்கி எதிர்மலையில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் தெளிவாகக் கேட்கும். அங்கே விடிந்ததும் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போக வேண்டியவர்கள் தூங்குகிறார்கள். 10 மணிக்குப் பாட்டை நிறுத்தி, 10.15க்குக் கடைசி ஓடர் எடுத்து, 11க்கு விளக்கை அணைத்தால், கழுவித் துடைக்க இன்னும் 45 நிமிடம் போகும். தோட்டத்துக்குப் போகிற கடைசி பஸ் அதற்கு எத்தனையோ மணி நேரத்துக்கு முன்பே போய்விட்டிருக்கும். மூட்டத்துக்குள் கொண்டை ஊசி வளைவுகளில் நடந்தோ, குடித்தவர் ஓட்டும் ஓட்டோவில் தொற்றியோ போகாமல், 12 மணிக்கு ஒரு வேன் வேண்டும். அந்தச் செலவை மாடியின் கணக்கிலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
மலையக ஹோட்டல் மாடிகளில் பார், குசினி, பராமரிப்பு வேலைகளில் இருப்பவர்கள்