பாலம் போட்டவரின் கோப்பைத் திறந்து பாருங்கள்

மலேசிய முன்னாள் படைவீரர் ஓய்வூதியத்தைக் கவனிக்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு, வணக்கம்.

எந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதுகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். மறைந்த எங்கள் படைத் தோழரின் ஓய்வூதியத்தை அவர் மனைவிக்குக் கொடுக்கக் கேட்ட மனு உங்களிடம் வந்து ஏழு மாதம் ஆகிறது. போன வாரம் நான்காவது முறையாகத் திருப்பி அனுப்பினீர்கள். காரணம் அதே ஒற்றை வரி: திருமணப் பதிவுச் சான்று இணைக்கப்படவில்லை. தோழரின் பெயரை இங்கே எழுதவில்லை. படை எண் மனுவின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

அந்தச் சான்று எத்தனை முறை கேட்டாலும் வராது, ஏனென்றால் அப்படி ஒரு காகிதமே கிடையாது. 1979 தை மாதம் நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டிய கல்யாணம் அது. முஸ்லிம் அல்லாதார் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய 1976ஆம் ஆண்டுச் சட்டம், சட்டம் 164, நடப்புக்கு வந்ததே 1982 மார்ச் 1-இல்தான். அதற்கு முன்பு சமய வழக்கப்படி முறையாக நடந்த திருமணம் பதிவானதாகவே கொள்ளப்படும் என்று அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. பழைய திருமணத்தை விரும்பினால் பதிந்துகொள்ள 33ஆம் பிரிவு வழி விடுகிறது. ஆனால் அந்த மனுவைப் போட வேண்டியவர்கள் மணம் முடித்த தம்பதியர். கணவரின் அஸ்தியைக் கரைத்துவிட்டு வந்த பெண் யாரைக் கூட்டிக்கொண்டு பதிவிலாகாவுக்குப் போவார்?

பிறகு சாட்சி கேட்டீர்கள். கல்யாணத்தை நேரில் கண்ட இரண்டு பேர் சத்தியப் பிரமாணம் கொடுக்க வேண்டும் என்றீர்கள். தாலி எடுத்துக் கொடுத்த பூசாரி இல்லை, முன்னின்று நடத்திய தண்டல், அதாவது தோட்டத்து மேற்பார்வையாளர், இல்லை, பெண்ணைப் பெற்றவர்களும் இல்லை. தோட்டம் துண்டாடப்பட்டு, கோயில் இருந்த இடத்தில் இன்று கடைவீடுகள் நிற்கின்றன. மிஞ்சியது ஒரு கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படம். அதை நெகிழிப் பையில் சுற்றி, சுங்கை பாக்காப்பிலிருந்து இரண்டு பேருந்து மாறி எடுத்து வந்தார் அந்த அம்மா. உங்கள் முகப்பில் இருந்தவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மாலை பாதி முகத்தை மறைக்கிறது, இது அவர்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். நாற்பத்தைந்து வருடம் ஒரே வீட்டில் குடித்தனம் செய்த பெண்ணிடம் கேட்ட கேள்வி அது. அவர் பதில் சொல்லாமல் படத்தை மறுபடியும் பையில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆதாரம் உங்களிடமே இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு சிப்பாய் கல்யாணம் செய்துகொண்டால் பிரிவுத் தலைமையிடம் எழுதிக் கொடுத்து, அது படைவீரரின் சொந்த விவரங்களைப் பதியும் படைப்பிரிவின் இரண்டாம் பாக ஆணையில் ஏற வேண்டும். ஏறினால்தான் முகாமில் குடும்ப வீடு கிடைக்கும், குடும்பப்படி சம்பளத்தோடு சேரும், மனைவிக்குப் படை மருத்துவமனையில் சிகிச்சை கிடைக்கும். இவருக்கு இந்த மூன்றும் கிடைத்தன. மூத்த மகள் 1984-இல் மலாக்கா தெரண்டாக் படைமுகாம் மருத்துவமனையில் பிறந்தவள். தாய் ஒரு சிப்பாயின் மனைவி என்று ஒத்துக்கொள்ளாமலா அங்கே பிரசவம் பார்த்தார்கள்? பணிக் கோப்பைத் திறந்து பாருங்கள். நாங்கள் கேட்பது இது ஒன்றுதான்.

கோப்பில் இல்லாததையும் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள், அது யாருடைய கோப்பு என்பது தெரிய வேண்டும். 1973-இல் சேர்ந்து 1995-இல் ஸ்டாஃப் சார்ஜனாக ஓய்வு பெறும்வரை அவர் பொறியியல் படையை விட்டு வேறு எங்கும் போனதில்லை. பேனல் எனும் இரும்புச் சட்டங்களைப் பூட்டிப் போடும் பேலி பாலத்தில் அவரைப் போல் கண் உள்ள ஆள் குறைவு. ஒரு பேனல் 10 அடி நீளம், 5 அடி உயரம், ஏறக்குறைய 260 கிலோ. ஆறு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். இரண்டு பேனலைப் பூட்டும்போது துளைகள் நேராகின்றனவா என்று விரலை விட்டுப் பார்ப்பது புது ஆட்களின் பழக்கம். பேனல் அரை அங்குலம் அசைந்தால் விரல் துண்டாகிவிடும். கடப்பாரை முனையால்தான் பார்க்க வேண்டும் என்று அவர் ஒவ்வொரு பாலத்திலும் முதலிலிருந்து சொல்லிக் கொடுப்பார்.

பாலத்தை உருளைகளின்மேல் வைத்து அக்கரைக்குத் தள்ளும்போது முன்னால் ஒரு மூக்கு நீளும். அதில் தளம் இருக்காது, வெறும் எலும்புக்கூடு. எடை எப்போதும் இக்கரை உருளைக்குப் பின்னால் நிற்க வேண்டும். கணக்கு ஒரு பேனல் பிசகினாலும் மொத்தமும் ஆற்றில் குப்புற விழும். நம் ஊர் ஆற்றங்கரை மண்ணில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மழை பெய்த மறுநாள் ஒரு பக்கத்து உருளையின் அடித்தட்டு புதைந்துவிடும், பாலம் நண்டு போலப் பக்கவாட்டில் நகரும். அதனால் தட்டுக்கு அடியில் கட்டை அடுக்கி, இரண்டு பக்கமும் மட்டம் பார்த்து, விடிகாலையில் மறுபடியும் மட்டம் பார்ப்பார். யாரும் பார்க்கச் சொன்னதில்லை.

பேராக் மாநிலத்துக் கிரிக் பக்கத்துக் காடுகளில் மண்ணில் புதைத்த பொறிவெடி தேடும் வேலையும் செய்தவர். மண்ணைக் குத்திப் பார்க்கும் குத்தூசியைத் தரையோடு 30 பாகைக்கு மேல் நிமிர்த்தக் கூடாது. செங்குத்தாகக் குத்தினால் வெடியின் தலையில் படும், சாய்த்துக் குத்தினால் பக்கத்தில் படும். வயிற்றால் ஊர்ந்து இரண்டு இரண்டு அங்குலமாக மண்ணைத் தொட்டுப் பார்த்து முன்னேறும் அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் விடுமுறைக்கு வீடு வருவார்.

வந்து திரும்பும்போது மூன்று பிள்ளைகளின் பாதத்தையும் காகிதத்தில் வைத்து பென்சிலால் சுற்றி வரைந்துகொள்வார். அடுத்த விடுமுறைக்குள் கால் வளர்ந்திருக்கும் என்று விளிம்பிலிருந்து ஒரு விரல்கடை தள்ளி இன்னொரு கோடு போடுவார். அந்த அளவுக்குத்தான் பள்ளிச் சப்பாத்து வாங்கி வருவார். ஒருமுறைகூட அளவு தப்பியதில்லை என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். வரைந்த காகிதங்களை வருடம் எழுதிப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறார். அவர் மறைந்த பிறகு மனைவி உங்களுக்கான பத்திரங்களைத் தேடியபோது கையில் வந்தவை அந்தப் பாதங்கள்தான்.

இப்படிப்பட்ட மனிதர் போன பிறகு அவர் வீட்டுக்கு நீங்கள் அனுப்பிய முதல் கடிதம் எது தெரியுமா? இறந்த பிறகு வங்கியில் ஏறிவிட்ட ஒரு மாத ஓய்வூதியத்தைத் திருப்பிக் கட்டச் சொன்ன கடிதம். கருமாதி முடிந்த மூன்றாம் நாள் வந்தது. மகள் மறுநாளே கட்டிவிட்டாள். பணத்தைத் திரும்பப் பெற அவர் கோப்பு உங்களுக்கு இரண்டு வாரத்தில் கிடைத்தது. அவர் மனைவிக்குச் சேர வேண்டியதைக் கொடுக்க அதே கோப்பு ஏழு மாதமாகக் கிடைக்கவில்லை. இதைப் பொறுமையோடு எழுத எங்களால் முடியவில்லை, மன்னியுங்கள்.

இது ஒரு வீட்டுப் பிரச்சினையும் இல்லை. தோட்டத்தில் பிறந்து படைக்குப் போன தமிழர் பலருடைய காகிதம் இப்படித்தான் இருக்கிறது. தோட்டத்துக் கணக்கரான கிராணி பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதமாகப் பெயர் எழுதினார், அடையாளக் கார்டில் ஓர் எழுத்து கூடியது, படைப் பதிவில் ஓர் எழுத்து குறைந்தது. சம்பளம் போட்ட இருபத்திரண்டு வருடமும் அந்த ஓர் எழுத்து யாருக்கும் தடையாக இல்லை. ஆள் போன பிறகு மட்டும் விதவையைப் பார்த்து இவர் வேறு, அவர் வேறு என்கிறீர்கள். வீரர் நாளான ஜூலை 31-இல் வீரர்களுக்கு மரியாதை செய்யும் நாடு, மற்ற நாள்களில் அவர்கள் வீட்டுப் பெண்களை முகப்புக்கு முகப்பு அலைய விடக் கூடாது.

கோபத்தில் நீட்டிவிட்டோம். பணிவாகவே கேட்கிறோம். பணிக் கோப்பைத் திறந்து பாருங்கள். 1979-க்கான இரண்டாம் பாக ஆணையையும் குடும்ப வீடு ஒதுக்கிய பதிவையும் எடுத்து மனுவோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய ஆணைகள் வேறு கிடங்கில் இருந்தால் அங்கே எழுதிக் கேட்க வேண்டியது அலுவலகம்தான், அந்த அம்மா அல்ல. பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் படை எண்ணையும் பிறந்த தேதியையும் வைத்துச் சரிபாருங்கள். இன்னும் ஏதாவது தேவைப்பட்டால் ஒரே கடிதத்தில், முழுப் பட்டியலாகக் கேளுங்கள். மாதம் ஒன்றாகக் கேட்க வேண்டாம்.

எங்கள் எல்லாருக்கும் அந்த அம்மா அண்ணி. அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி. இன்னொரு முறை அவரை வரச் சொல்வதற்கு முன், தயவுசெய்து அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
அவரோடு பேனல் தூக்கியவர்கள்,
பட்டர்வொர்த், பினாங்கு