பதினாறு கிலோமீட்டரோடு பயிற்சி நின்றுவிடக் கூடாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கல்பாக்கம் பக்கம் நடக்கும் அணுமின் நிலைய அவசரகால ஒத்திகை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சைரன் ஒலிப்பது, வீட்டுக்குள் இருக்கச் சொல்வது, தைராய்டைக் காக்கும் அயோடின் மாத்திரை கொடுப்பது, பேருந்தில் ஆட்களை ஏற்றுவது என்று எல்லாம் விளக்கமாகவே இருந்தது. ஆனால் இந்தப் பயிற்சி யார் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. டெல்டாக்காரன் நான், கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அதனால் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நிலையத்துக்குள் வேலை செய்பவர்களின் பயிற்சி பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அலை கல்பாக்கத்தில் நீரேற்று அறைக்குள் புகுந்தபோது, ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் அலகைப் பத்திரமாக நிறுத்தினார்கள், சில நாட்களில் மறுபடி ஓட்டவும் செய்தார்கள். அதே அலையில் நாகை மாவட்டத்தில் 6000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். இங்கே முதலில் ஓடி வந்து தூக்கியவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள்தான், அவர்களுக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதற்கும் தெரியாமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அன்றைக்கு ஒரே கடற்கரையில் பார்த்தோம்.

நிலையத்துக்கு வெளியே என்று வந்தால் மாவட்ட ஆட்சியர்தான் பொறுப்பு. அவசரகாலத் திட்டம் 16 கிலோமீட்டர் சுற்றளவுக்கு, ஒத்திகை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படைக்குக் கதிர்வீச்சு விபத்துக்கான பயிற்சியும் உண்டு. சரி, ஆட்களைக் காப்பாற்ற இது வேண்டியதுதான். ஆனால் பாலும் அரிசியும் 16 கிலோமீட்டரில் நிற்காதே!

பெரிய உலைகளில் மோசமான விபத்து என்றால் 300 கிலோமீட்டர் வரை உணவுப் பொருளைக் கவனிக்க ஆயத்தமாக இருக்கச் சொல்கிறது சர்வதேச அணுசக்தி முகமையின் 2013 வழிகாட்டி. அது வேறு வகை உலைகளுக்காகப் போட்ட கணக்கு, அப்படியே கல்பாக்கத்துக்குப் பொருத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் கல்பாக்கத்திலிருந்து மயிலாடுதுறை நேர்கோட்டில் 200 கிலோமீட்டருக்கும் குறைவு, அதுவும் தென்மேற்கு வாக்கில். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து எங்கள் பக்கம்தான் அடிக்கும், அதை இங்கே யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, அப்போது சம்பா வயலில் நிற்கிறது. செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு மழையோடு இறங்கிய சீசியம் என்ற கதிரியக்கப் பொருளால் பிரிட்டனில் ஆட்டுப் பண்ணைகள் மீது போட்ட கட்டுப்பாடு 2012-இல்தான் முழுசாக நீங்கியது. விபத்து நடந்தது 1986-இல், அதுவும் உக்ரைனில்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ஜப்பானின் வைக்கோல் விஷயம். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்து நடந்த சில நாட்களிலேயே, தீவனத்தைக் கூரைக்குள் வையுங்கள், வெளியே கிடந்ததைப் போடாதீர்கள் என்று அங்கே அரசு அறிவித்துவிட்டது. அறிவிப்பு போனது மாடு வளர்ப்பவர்களுக்கு. வைக்கோலை விற்கும் நெல் விவசாயிகளுக்குப் போகவில்லை! முந்தைய அறுவடை வைக்கோல் வயலிலேயே கிடந்திருக்கிறது, அதைச் சுருட்டி வழக்கம்போல விற்றுவிட்டார்கள், நிலையத்திலிருந்து 100 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த வயல்களின் வைக்கோலும் அதில் உண்டு. ஜூலையில் மாட்டிறைச்சியில் அளவுக்கு மேல் சீசியம் இருப்பது தெரிந்தபோது இறைச்சி பல ஊர்களுக்குப் போய்விட்டிருந்தது. அவ்வளவு ஒழுங்கான நாட்டில் இப்படி ஆகியிருக்கிறது. நம் ஊரில் கட்டு கட்டும் இயந்திரம் வந்தபிறகு வைக்கோல் லாரி லாரியாக வெளி மாவட்டங்களுக்குப் போவதை நினைத்தால் எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது.

பால் இன்னும் அவசரம். மாடு மேய்ந்த புல்லில் படிந்த கதிரியக்க அயோடின் வெகு சீக்கிரமே பாலில் இறங்கிவிடும். செர்னோபில் பகுதியில் அந்தப் பாலைக் குடித்த பிள்ளைகளுக்குத்தான் தைராய்டு புற்றுநோய் அதிகம் வந்தது, 2005-க்குள் 6000 பேருக்கு மேல். இத்தனைக்கும் இந்த அயோடின் 8 நாளில் பாதியாகக் குறைந்துவிடும். மாட்டைக் கொட்டகையில் கட்டி, மூடி வைத்திருந்த தீவனத்தையும் ஆழ்குழாய்த் தண்ணீரையும் கொடுத்து, கறந்த பாலைச் சோதனை முடியும் வரை குடிக்காமல் இருந்தால் பெரிய ஆபத்தைத் தாண்டிவிடலாம், பாலைப் பவுடராக்கிச் சில மாதம் வைத்தாலும் அயோடின் போய்விடும். சீசியத்துக்கு இது போதாது, அதற்குச் சீசியத்தைப் பிடித்து வெளியேற்றும் பிரஷ்யன் நீலம் என்ற பொருளைத் தீவனத்தில் கலந்து கொடுத்து நார்வேயில் பலன் கண்டிருக்கிறார்கள். இவ்வளவும் ஒரு கால்நடை உதவி மருத்துவருக்கும் பால் சங்கத்துச் செயலாளருக்கும் தெரிந்திருக்க வேண்டாமா? என் பணிக்காலத்தில் கோமாரிக்கும் ஆந்த்ராக்ஸுக்கும் பயிற்சி கொடுத்தார்கள், இதைப் பற்றி ஒரு வகுப்புகூட நடந்ததில்லை.

நெல்லுக்கும் இதுதான். ஃபுகுஷிமா மாகாணத்தில் 2012 முதல் சில ஆண்டுகள் ஒவ்வொரு நெல் பருவத்திலும் மூட்டை மூட்டையாகச் சோதித்தார்கள், வருடத்துக்கு ஏறக்குறைய 1 கோடி மூட்டை, அப்படிச் செய்துதான் வாங்குகிறவர்களின் நம்பிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டார்கள். நம் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர் ஈரப்பதக் கருவியில் நெல்லைக் கொட்டி ஈரம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல, கதிர்வீச்சு அளக்கும் கருவியையும் கையில் பிடித்துப் பழகினால் கற்றுக்கொள்ள முடியாத வித்தை ஒன்றும் இல்லை. பழகாதவர் கையில் அது இருந்தால் சும்மா இருக்கும் இயற்கைக் கதிர்வீச்சையே ஆபத்து என்று படித்து ஊரைக் கலைத்துவிடுவார், அல்லது இருப்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்.

அப்புறம் ஆஸ்பத்திரி. விபத்து என்று கேள்விப்பட்டால் 16 கிலோமீட்டருக்கு வெளியே இருப்பவர்களும் காரை எடுத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வருவார்கள். சீர்காழியிலோ மயிலாடுதுறையிலோ 108 ஊழியரும் செவிலியரும் அவர்களைத் தொடவே தயங்கினால் என்ன ஆகும்? மேல் துணியைக் கழற்றிப் பையில் கட்டி வைத்தாலே மேலே ஒட்டியிருப்பதில் பெரும்பகுதி போய்விடும், உயிருக்கு ஆபத்தான காயம் இருந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும், கழுவுவதெல்லாம் பிறகு. இது தெரிந்த செவிலியர் தைரியமாகக் கை வைப்பார். ஃபுகுஷிமாவில் ஒரு மருத்துவமனையின் வயதான நோயாளிகளை அவசரமாக இடம் மாற்றியபோது நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது கதிர்வீச்சால் அல்ல, கவனிக்க ஆளில்லாமல் பல மணி நேரம் பேருந்தில் வைத்திருந்ததால்.

நடக்காத ஒன்றைச் சொல்லி ஏன் மக்களைப் பயமுறுத்துகிறீர்கள் என்று சிலர் கேட்கலாம். புயலுக்கு ஒத்திகை பார்ப்பதால் இங்கே யாரும் பயந்துவிடவில்லை.

இதற்குப் புதிதாக எதையும் கட்டவும் வேண்டாம். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்பாக்கத்தில் தமிழில் பேசக்கூடிய விஞ்ஞானிகளுக்குப் பஞ்சமில்லை. குறுவை அறுவடைக்கு முன்னால் அவர்களை இங்கே வரவழைத்து, கால்நடை மருத்துவர், பால் சங்க ஆட்கள், கொள்முதல் நிலைய ஊழியர், கிராம நிர்வாக அலுவலர், 108 ஊழியர், செவிலியர் எல்லோரையும் குழு குழுவாக உட்கார வைத்து, தமிழில், கருவியைக் கையில் கொடுத்துச் சொல்லித் தரட்டும். அடுத்த ஒத்திகையில் டெல்டா மாவட்ட ஆட்சியர்களையும் கால்நடை, வேளாண்மை இணை இயக்குநர்களையும் சேர்க்கட்டும். உங்கள் இதழ் இதை எழுதினால் சம்பந்தப்பட்டவர்கள் கண்ணில் படும் என்று நம்பித்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
மயிலாடுதுறை மாவட்டம்