மாமாவுக்கு, வாழ்த்துமடலுக்குப் பதிலாக

அன்புள்ள மாமா,

வாழ்த்துமடலை நான் எழுதித் தரப்போவதில்லை என்று விழாக் குழுவிடம் சொல்லிவிட்டேன். இதற்குள் உங்கள் காதுக்கு வந்திருக்கும். ஏன் என்பதை உங்களுக்கு மட்டும் எழுதலாம் என்றுதான் தொடங்கினேன். பிறகு, ஊர் அறியச் சொல்ல மறுத்ததை ஊர் அறிய விளக்குவதுதான் நியாயம் என்று பட்டது. உங்களோடு வேலை செய்தவர்களும் இதை வாசிப்பார்கள். ஆகவே சில இடங்களில் பெயர் இராது. உங்களுக்கு அது தேவைப்படாது.

பதாகையின் மாதிரியைப் பார்த்தீர்களா? ஒக்டோபர் 31, பண்டாரவன்னியன் நினைவுநாளும் உங்கள் சேவைநலன் பாராட்டும் ஒரே மேடையில். ஒரு பக்கம் வாளோடு அவர், மறுபக்கம் பொலிஸ் தொப்பியோடு நீங்கள். நடுவில் ‘வன்னி மண்ணின் இரு காவலர்கள்’. அந்த ஒரு வரியை நான் இழுத்து நீட்டி வாழ்த்துமடல் ஆக்க வேண்டுமாம். (பொன்னாடை போர்த்துகிறவர்களின் பட்டியல் மட்டும் ஒரு முழுப்பக்கம் வருகிறது.)

பண்டாரவன்னியனைப் பற்றி எழுத எனக்குக் கசக்காது. வன்னியை ஆண்டவர், 1803 ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தவர். அங்கிருந்த படை கடல்வழியே யாழ்ப்பாணத்துக்குத் தப்பியது. இரண்டு மாதம் கழித்து மன்னார், யாழ்ப்பாணம், திருகோணமலை என்று மூன்று பக்கமிருந்தும் ஆங்கிலேயர் படை நடத்தினார்கள். ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க் அவரைத் தோற்கடித்தார். தோற்கடித்த இடம் இதுதான் என்று பின்னாளில் ஆங்கிலத்தில் ஒரு கல்லும் வெட்டி நட்டார்கள். அந்தக் கல்லுக்குத்தான் நாம் மாலை போட்டுக்கொண்டிருந்தோம். வென்றவன் தன் பெருமைக்கு நட்டதைத் தோற்றவனுக்கு வீரக்கல்லாக்கிய நம் சனங்களின் கெட்டித்தனத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். 2009இல் போர் முடிந்த மறுவருடம் அது உடைக்கப்பட்டது. அப்போது யார் வாய் திறந்தார்கள், யார் திறக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே அதற்கு மேல் வேண்டாம்.

அவர் அரசாங்கத்தின் கோட்டையைப் பிடித்தவர். நீங்கள் அரசாங்கத்தின் கதிரையில் இருந்தவர். குறையாகச் சொல்லவில்லை, மாமா. இருவரையும் ஒரே துணியில் அச்சடித்தால் இருவரைப் பற்றியும் பொய் சொன்னதாகிவிடும். உங்களுக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. அதற்கு வாள் தேவையில்லை.

எனக்கு உங்கள் சேவை என்றால் அந்த ஒரு முற்பகல்தான். மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து எங்களை வெளியே விட்ட பிறகு, காணாமற்போன என் தம்பிக்காக அம்மாவும் நானும் உங்களிடம் முறைப்பாடு கொடுக்க வந்த நாள். வாங்கில் இருக்கச் சொன்னீர்கள். தண்ணீர்ப் பம்பி களவு போனவர், வேலிச் சண்டைக்காரர், அடையாள அட்டை தொலைத்தவர் என்று எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் முடியும்வரை இருந்தோம். சொந்த அக்கா வந்திருக்கிறார் என்று ஒரு தேநீர் சொல்லவில்லை. அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

எங்கள் முறை வந்ததும் பக்கத்து மேசைக்காரர் சிங்களத்தில் எழுதப் பேனாவைத் திறந்தார். நீங்கள் எழுந்து வந்து புத்தகத்தை உங்கள் பக்கம் இழுத்தீர்கள். வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 16ஆம் திருத்தம் 1988இலேயே சொல்லிவிட்டது. அது அந்த மேசைக்கு வந்துசேர நீங்கள் கதிரையை விட்டு எழும்ப வேண்டியிருந்தது.

பிறகு கேட்கத் தொடங்கினீர்கள். முழுப்பெயர். பிறந்த திகதி. கடைசியாகக் கண்ட இடம். உடுத்திருந்த உடுப்பு. நீங்களே பெயர் வைத்த பிள்ளையின் பெயரைக் கேட்டு எழுதினீர்கள். அம்மா உங்கள் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தே பதில் சொன்னார். “உடலில் அடையாளம் ஏதாவது?” என்றபோது வாயடைத்துப்போனார். நீங்கள் காத்திருந்தீர்கள். பிறகு பதிலை எதிர்பாராமல் நீங்களாகவே எழுதினீர்கள்: இடது முழங்காலில் தையல் தழும்பு. நீங்கள் களுத்துறைப் பொலிஸ் பயிற்சிக்குப் போகுமுன், சைக்கிள் பாரில் இருத்திக் கொண்டுபோய் வாய்க்காலுக்குள் அவனை விழுத்திய தழும்பு.

எழுதியதை வரிவரியாக வாசித்துக் காட்டினீர்கள். “சரியா அம்மா?” என்று, முன்பின் தெரியாத ஒரு தாயிடம் கேட்கும் குரலில் கேட்டுக் கையொப்பம் வாங்கினீர்கள். தான் கையொப்பம் வைத்ததைத் தானே வாசிக்க முடிந்தது என்று அம்மா பஸ்ஸில் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். தன் தம்பியான உங்களைப் பற்றி அவ்வளவு பெருமை. வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டும்போதுதான், “அவன் என்னை அக்கா என்று ஒருதரம் கூப்பிடவில்லையடி” என்றார்.

கூப்பிட்டிருந்தால், உறவுக்காரர் எழுதிய முறைப்பாடு என்று அதை யாராவது தள்ளி வைத்திருப்பார்கள். உங்களுக்கும் தூரத்து இடமாற்றம் வந்திருக்கும். இதையெல்லாம் அம்மாவுக்கு நானே எடுத்துச் சொன்னேன். இன்றும் அதுவே சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமற்போனவர்களின் தாய்மார் போராட்டத்தில் உட்கார்ந்தபோது அம்மாவும் போய் உட்கார்ந்தாரே, அங்கே ஒரு நாள் நீங்கள் கடமைக்கு வந்து தெருவின் அந்தப் பக்கம் நின்றீர்கள். ஒரு பையனிடம் தண்ணீர்ப் போத்தல்கள் கொடுத்தனுப்பினீர்கள். யார் அனுப்பியது என்று அம்மா கேட்கவில்லை, குடித்தார். நீங்கள் இந்தப் பக்கம் வரவில்லை. வேலை என்றீர்கள். அம்மாவின் செத்தவீட்டுக்கு வந்தபோதுகூடச் சீருடையைக் கழற்ற நேரம் கிடைக்கவில்லை உங்களுக்கு.

கடுமையாக எழுதிவிட்டேன். மன்னியுங்கள். மேடையில் அழுதுவிடுவேன் என்ற பயமும் நான் மறுத்ததற்கு ஒரு காரணம்தான், அதை மறைக்கவில்லை. அந்த முற்பகலைச் சொல்லாமல் உங்களைப் புகழ எனக்கு வராது. சொன்னால் பதாகைக்குப் பொருந்தாது. நீங்களும் முன்வரிசையில் நெளிவீர்கள்.

விழாவுக்குப் போங்கள், மாலையை வாங்கிக்கொள்ளுங்கள். நான் கூட்டத்தில் இருப்பேன். நவம்பர் பிறந்தால் நீங்கள் உத்தியோகத்தர் இல்லை. என் தம்பியின் கோப்பில் அம்மாவின் இடத்துக்கு என் பெயரை மாற்றக் கொடுத்திருக்கிறேன். அதோடு உறவினர் ஒருவரின் வாக்குமூலமும் வேண்டும். கடைசிக் கிழமைகளில் அவனிடமிருந்து யாருக்குத் தகவல் வந்தது என்பது நம் இருவருக்கும் தெரியும், அதை இங்கே எழுதவில்லை. விழா முடிந்த அடுத்த திங்கட்கிழமை காலையில் நானே வந்து உங்களைக் கூட்டிப்போகிறேன். அடையாள அட்டையை எடுத்து வையுங்கள். வரிசையில் இருக்க வேண்டி வரும். உறவுமுறை என்ன என்று கேட்பார்கள், தாய்மாமன் என்று நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்