அந்தக் கடிகாரக்காரர் கதை பொய்யாம்

ப்ராக்
மார்ச் 9

அன்புள்ள கமலா,

நீ மூன்று தடவை கேட்டும் பதில் போடாமல் இருந்துவிட்டேன். போனில் பேசினால் பேச்சு பேரன், மாத்திரை, பருப்பு விலை என்று போய்விடுகிறது, சொல்ல நினைத்தது நின்றுபோகிறது. அதனால்தான் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன். நான் நலம், பேரன் நலம், மருமகள் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். உன் முழங்கால் பற்றிக் கடைசியில் வருகிறேன், அதுவரை பொறு.

முதலில் ஒரு மன்னிப்பு. ஜனவரியில் உனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேனே, பழைய நகரச் சதுக்கத்துக் கடிகாரத்தைப் பற்றி. அதைச் செய்த ஹனுஷ் என்பவர் இன்னொரு ஊருக்கும் அதே மாதிரி செய்து கொடுத்துவிடக் கூடாது என்று நகர மன்றத்துக்காரர்கள் அவர் கண்ணைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் பொசுக்கிவிட்டார்கள், அவர் தட்டுத்தடுமாறிப் போய் இயந்திரத்துக்குள் கையை விட்டு அதை நிறுத்திவிட்டார் என்று. நீ அதை உன் ஞாயிற்றுக்கிழமை நூலகப் பிள்ளைகளுக்குச் சொல்லி, அவர்கள் படமெல்லாம் வரைந்து, நீ எனக்கு அதைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாய். கமலா, அந்தக் கதை பொய்யடி. கடிகாரத்தைச் செய்தவர் காடான் ஊர்க்காரரான மிகுலாஷ். 1410 அக்டோபர் 9 தேதியிட்ட ஆவணத்திலேயே கடிகாரத்தைப் பற்றி இருக்கிறது. ஹனுஷ் ஏறக்குறைய எண்பது வருடம் கழித்து வந்து அதைப் பழுதுபார்த்தவர். கண்ணைக் குருடாக்கியதெல்லாம் பின்னால் கட்டிய கதை.

ஷாஜகான் தாஜ்மகால் கட்டியவர்களின் கையை வெட்டினான் என்று நம் சரித்திர டீச்சர் சொல்லி, சுசீலா அழுதாளே, அதே கதைதான். அங்கே கை, இங்கே கண். அதுவும் பொய் என்று தெரிந்தபோது நமக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. உன் பிள்ளைகள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம், அதனால்தான் இந்த அவசரம்.

எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். முதலில் நான் போனது குடை டூர். இங்கே காலை பத்து மணிக்குச் சதுக்கத்துக்குப் போனால் கலர் கலராகக் குடை பிடித்து இளம்பிள்ளைகள் நிற்பார்கள். கட்டணம் கிடையாது, இரண்டு இரண்டரை மணி நேரம் கூட்டிப்போய்க் காட்டுவார்கள், முடிவில் நாம் இஷ்டப்பட்டதைக் கொடுக்க வேண்டும். அன்று முப்பது பேருக்கு மேல் இருந்தோம். நான் கடைசியில் நின்றதால் பாதி காதில் விழவில்லை. பாலத்துக்குப் போகும் சந்தில் கூட்டத்தைத் தவறவிட்டு, வேறொரு குடைக்குப் பின்னால் பத்து நிமிடம் நடந்த பிறகுதான் அவர்கள் பேசுவது இத்தாலி மொழி என்று புரிந்தது.

அந்தப் பையன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நல்ல பையன், தொண்டை கட்டியிருந்தும் கத்திக் கத்திச் சொன்னான். பிறகு விசாரித்தேன்: இந்த மாதிரி டூர் நடத்தும் பல கம்பெனிகளில் கைடுக்குச் சம்பளம் கிடையாது, வந்த டிப்ஸிலிருந்து தலைக்கு இவ்வளவு என்று அவன்தான் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். முப்பது பேரில் பத்துப் பேர் நழுவிப் போனால் அந்தப் பத்துத் தலைக்கும் சேர்த்து அவன் கையிலிருந்து போகும். அப்படி இருக்கும்போது கண்ணைப் பொசுக்கிய கதையைச் சொல்லாமல் 1410 ஆவணத்தைப் பற்றியா பேசுவான்? ரத்தம் வரும் கதைக்குத்தான் கூட்டம் நிற்கிறது. நானும் நின்றேன், நின்று கேட்டு உனக்கும் அனுப்பினேன்.

சரி, இரண்டாவது டூருக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் எழுதவே ஆரம்பித்தேன்.

மருமகளின் சிநேகிதி ஒருத்தி சொல்லி, முன்கூட்டியே பணம் கட்டிப் போனது. ஆறே பேர். கைடு எழுபதைத் தாண்டிய ஒரு அம்மாள், பள்ளியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். குடை இல்லை, மைக் இல்லை, தோளில் ஒரு துணிப்பை. ஒவ்வொரு இடத்திலும் நின்று, ஊரார் சொல்வதை முதலில் சொல்வார். முடித்துவிட்டு, "இதற்குக் காகிதம் இருக்கிறது" என்பார், இல்லையென்றால் "இதற்குக் காகிதம் இல்லை" என்பார். அவ்வளவுதான். ஹனுஷ் கதையைச் சொல்லிவிட்டுக் காகிதம் இல்லை என்றதும் எனக்கு உன் பிள்ளைகள் வரைந்த அந்தப் படம்தான் கண்முன் வந்தது, முகமெல்லாம் சூடாகிவிட்டது.

சார்லஸ் பாலத்திலும் அப்படித்தான். நான்காம் சார்லஸ் 1357இல் அடிக்கல் போட்டதற்குக் காகிதம் உண்டு. ஆனால் ஒன்பதாம் தேதி, ஏழாம் மாதம், காலை 5 மணி 31 நிமிடம், ஆக 1-3-5-7-9-7-5-3-1 என்று ஏறி இறங்கும் எண்ணாகப் பார்த்து முகூர்த்தம் குறித்தார்கள் என்பதற்குக் காகிதம் இல்லை. சாந்தில் முட்டை கலந்தார்களாம், ஒரு ஊர்க்காரர்கள் மட்டும் உடையாமல் இருக்கட்டும் என்று அவித்து அனுப்பினார்களாம். உன் மாமியார் இருந்திருந்தால் அவரும் அப்படித்தான் அனுப்பியிருப்பார்.

இன்னொன்று, அந்த அம்மாள் கோபுரங்களைக் காட்டவே இல்லை. அதை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள், தரையைப் பாருங்கள் என்றார். இங்கே தெருவில் பாவிய கற்களை இந்த ஊர்க்காரர்கள் பூனைத்தலை என்கிறார்கள், நிஜமாகவே தேய்ந்த பூனை மண்டை மாதிரிதான் இருக்கும். கடிகாரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, அதிலுள்ள எலும்புக்கூடு பொம்மை மணியடிப்பதைப் படம் பிடிக்க ஆயிரம் பேர் நிற்கிறார்களே, அதற்கு நாலு எட்டு தள்ளித் தரையில் வெள்ளைக் கல்லில் 27 சிலுவைகள் பதித்திருக்கின்றன. 1621 ஜூன் 21 அன்று 27 பேரை அங்கே கொன்றார்கள். பேரரசரை எதிர்த்த பொஹீமிய, அதாவது இந்தச் செக் நாட்டுத் தலைவர்கள். அதில் ஒருவர் யெஸ்ஸேனியஸ், மருத்துவர், இங்குள்ள பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். 1600இல் இதே ஊரில் பொதுமக்கள் முன்னால் மனித உடலை அறுத்து விளக்கியவர். அவர் நாக்கை அறுத்துவிட்டுத்தான் தலையை வெட்டினார்கள். பன்னிரண்டு பேரின் தலைகள் பாலத்துக் கோபுரத்தில் பத்து வருடம் தொங்கின. இதற்கெல்லாம் காகிதம் இருக்கிறது, கமலா. நான் ஜனவரியில் அந்தச் சிலுவைகள்மேல் நின்றுதான் உனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறேன். போட்டோவில் என் பூட்ஸுக்குப் பக்கத்திலேயே ஒன்று தெரிகிறது, எடுத்துப் பார்.

அப்புறம் வென்செஸ்லாஸ் சதுக்கத்துக்குப் போனோம். பெயர்தான் சதுக்கம், பார்க்க நீண்ட அகலமான கடைவீதி. மேல் கோடியில் தேசிய அருங்காட்சியகம், அதன் படிகளுக்கு முன்னால் நடைபாதையிலிருந்து வெண்கலச் சிலுவை ஒன்று புடைத்துக்கொண்டு எழுகிறது, அடியில் யாரோ படுத்திருப்பதுபோலக் கற்கள் மேடாகியிருக்கின்றன. யான் பாலாக் என்ற இருபது வயது மாணவன் 1969 ஜனவரி 16 அன்று அங்கேதான் தன்மேல் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்துக்கொண்டான். முந்தைய ஆகஸ்டில் சோவியத் டாங்குகள் வந்து இறங்கியதை மக்கள் மெல்ல மெல்லப் பழகிக்கொள்கிறார்களே என்று பொறுக்காமல். மூன்று நாள் கழித்து இறந்தான். அங்கே அந்த அம்மாள் காகிதம் உண்டா இல்லையா என்று எதுவும் சொல்லவில்லை. "இறுதி ஊர்வலத்தில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், எனக்குப் பதினான்கு வயது" என்று மட்டும் சொன்னார். கையுறையைக் கழற்றிக் குனிந்து, அந்தச் சிலுவைமேல் ஒட்டியிருந்த ஒரு சருகை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஆறு பேரும் வாய் திறக்கவில்லை. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, என்ன சொல்ல என்று தெரியவில்லை.

பாலாக் படித்தது சார்லஸ் பல்கலைக்கழகத்தில். அதே பல்கலைக்கழகத்தில்தான் கமில் சுவலபில் தமிழ் சொல்லிக்கொடுத்தார், நம் தமிழ் ஐயா வகுப்புக்கு வகுப்பு அவர் பெயரைச் சொல்வாரே! இங்கேயே 1927இல் பிறந்தவர். அந்த டாங்குகள் வந்த பிறகுதான் ஊரை விட்டுப் போனார், கடைசியில் நெதர்லாந்தில் உட்ரெக்ட்டில் பேராசிரியராக இருந்தார். ஐயா இதை ஒரு நாளும் சொன்னதில்லை. வெள்ளைக்காரர் தமிழ் படித்தார் என்பதோடு நிறுத்திக்கொண்டார், அவர் ஏன் ஊர் ஊராகப் போனார் என்று நாமும் கேட்கவில்லை. அந்த அம்மாளிடம் நான் இதைச் சொன்னேன். என் ஊரின் மொழியை இங்கே சொல்லிக்கொடுத்தவர், அந்த டாங்குகள் வந்த பிறகு ஊரை விட்டுப் போனவர் என்று. அவர் பெயரைக் கேட்டு, பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து எழுதிக்கொண்டார். காகிதம் பார்த்துச் சரிபார்த்துக்கொள்வார் போல, எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

இப்போது சொல்வதை நீ உட்கார்ந்து படி. அதே வீதியின் கீழ்ப்பகுதியில் 2020 மே மாதம் கல்தளத்தை மாற்றுவதற்காகக் கற்களைப் பெயர்த்திருக்கிறார்கள். சில கற்களைப் புரட்டினால் அடிப்பக்கம் வழவழவென்று மெருகு, அதில் ஹீப்ரு எழுத்துகள். யூதர்களின் கல்லறைக் கற்களைத் துண்டு துண்டாக வெட்டி, எழுத்து மண்ணைப் பார்க்கும்படி குப்புறப் போட்டுத் தெருவில் பாவியிருக்கிறார்கள், கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில். அங்கே இருந்த யூதர்களுக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம் இருந்ததாம். கல்லைப் புரட்டும் வரை யாராலும் நிரூபிக்க முடியவில்லை. இப்போது அந்தக் கற்களை ஜிஷ்கோவ் பகுதியில் உள்ள பழைய யூதக் கல்லறைத் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

பின்காஸ் என்ற யூதத் தொழுகைக்கூடத்தின் சுவர் முழுக்க, நாஜிகள் கொன்ற செக் யூதர்களின் பெயர்கள் இருக்கின்றன, ஏறக்குறைய எண்பதாயிரம் பேர். 1950களில் கையால் எழுதியது. ஈரம் புகுந்துவிட்டது, பழுதுபார்க்கிறோம் என்று 1968இல் மூடியவர்கள் அந்தப் பெயர்களைச் சுவரோடு சுரண்டிவிட்டார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சி போன பிறகு, 1990களில், எல்லாப் பெயரையும் முதலிலிருந்து மறுபடி கையாலேயே எழுதினார்கள். நினைத்துப் பார், எண்பதாயிரம் பெயர். உன் பெயரும் என் பெயரும் எழுத ஒரு நிமிடம் ஆகும் என்று வைத்தாலும்...

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. பேரனைத் தூங்க வைத்துவிட்டு ஜன்னலோரம் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் நடந்த தெருவில் எந்தக் கல்லுக்கு அடியில் யார் பெயர் இருந்ததோ. இப்போதெல்லாம் நடக்கும்போது கண் தானாகக் கீழே போகிறது. வீட்டு வாசல்களில் உள்ளங்கை அளவு பித்தளைப் பட்டைகள் பதித்திருக்கிறார்கள், "இங்கே வாழ்ந்தார்" என்று தொடங்கி, பெயர், பிறந்த வருடம், நாஜிகள் கொண்டுபோன தேதி. எங்கள் தெருவிலேயே இரண்டு இருக்கின்றன. மூன்று மாதமாக அதன்மேல் பேரனின் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போயிருக்கிறேன். நேற்று ஒரு பழைய துணியைக் கொண்டுபோய்த் துடைத்தேன், குத்துவிளக்கு மாதிரிப் பளபளத்தது.

இதையெல்லாம் உன் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். எட்டு வயதுக்கு இது பாரம். ஆனால் பொய்யில் குருடானவர் கதையைக் கேட்டுத் தூங்காத பிள்ளைகளுக்கு உண்மை மட்டும் பாரமாகிவிடுமா என்றும் தோன்றுகிறது. நீ டீச்சர், நீயே முடிவு செய். அதே கடிகாரத்தைப் பற்றி உண்மையான கதை ஒன்று தருகிறேன், அதை முதலில் சொல். கடிகாரத்துக்குக் கீழே பன்னிரண்டு மாத வேலைகளை வரைந்த வட்ட ஓவியம் ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் யோசஃப் மானெஸ் என்பவர் வரைந்தது. அசல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, வெளியே வைப்பது நகல். 2018இல் பெரிய பழுதுவேலை முடித்துப் புது நகலை மாட்டினார்கள். அதில் பல முகங்கள் அசலில் உள்ளவையே இல்லை, வயதும் உடையும்கூட வேறு! 2022இல்தான் ஒருவர் கண்டுபிடித்துப் புகார் கொடுத்து, ஊரெல்லாம் பேச்சானது. மணிக்கு மணி இத்தனை கூட்டம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தும். இந்த இடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள், பார்.

சரி, முழங்கால். மே மாதம் வா என்றால் கல் தெருவில் யார் நடப்பது என்கிறாய். பழைய நகரம் சமதளம்தான். கோட்டைக்கு 22ஆம் நம்பர் டிராமில் மேலே போய்விடலாம், அப்புறம் இறக்கம்தான், அதையும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கலாம். தடித்த ரப்பர் அடி வைத்த ஷூ வாங்கு, செருப்பில் வராதே. தெருவெல்லாம் விற்கும் சுருள் ரொட்டியைப் பழம்பெரும் ப்ராக் பலகாரம் என்பார்கள், அதற்கும் காகிதம் இல்லையாம், ஆனால் உனக்குப் பிடிக்கும். அந்த அம்மாளிடம் மே இரண்டாம் வாரத்துக்கு இரண்டு இடம் சொல்லிவைத்துவிட்டேன், உன்னைக் கேட்காமலேதான். வரும்போது மோர்மிளகாயும் சுக்குப் பொடியும் கொண்டுவா. லலிதாவிடம் நான் பதில் போடவில்லை என்று சொல்லாதே, அவளுக்கும் எழுதுகிறேன்.

அந்தச் சின்னவன் வரைந்த கடிகாரப் படத்தைக் கிழித்துவிடாதே. ரொம்ப அழகாக இருந்தது, கண்ணைக் கட்டிய மனுஷனை மட்டும் அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் இன்னொருவரை வரையச் சொல், கண்ணைத் திறந்துகொண்டு வேலை செய்கிறவராக. கீழே மிகுலாஷ் என்று பெயர் எழுதச் சொல்.

உன்,
பத்மா