போட்டி முடிந்தது, புள்ளிப் பலகையைக் கழற்றவில்லை

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். இரண்டாம் தவணை தொடங்கிவிட்டது, மழையும் கூடவே வந்துவிட்டது. மைதானத்தில் போட்ட சுண்ணாம்புக் கோடுகள் முதல் நாள் மழையிலேயே கரைந்து போயின.

பிள்ளைகளை நீலம், சிவப்பு என்று இல்லங்களாகப் பிரித்து நடத்திய இல்ல விளையாட்டுப் போட்டிக்குக் கை கொடுத்த எல்லாருக்கும் நன்றி. சோடனைக்கு மூங்கில் வெட்டித் தந்தீர்கள், நாள் முழுக்கத் தேத்தண்ணி ஊற்றினீர்கள். யார் வென்றார்கள் என்று நான் எழுதத் தேவையில்லை. நீல இல்லத்துப் பிள்ளைகள் இதற்குள் நூறு தடவை சொல்லியிருப்பார்கள்.

பயிற்சி நடந்த அந்த மூன்று வாரமும் காலை ஆறரைக்கே, பனி விலகுமுன், பிள்ளைகள் மைதானத்தில் நின்றார்கள். வருடம் முழுக்க முதல் பாடம் முடிந்த பிறகு தலைகாட்டுகிற பையன்களும் அதில் இருந்தார்கள். அஞ்சலோட்டத்துக்குக் கோல் மாற்றிப் பழகும்போது, பத்தாம் தரத்து அக்கா ஒருத்தி ஆறாம் தரத்துச் சின்னவளுக்குக் கையைப் பின்னால் எப்படி நீட்டுவது என்று காட்டிக்கொண்டே இருந்தாள். கோல் விழுந்தது, எடுத்தாள், மறுபடி காட்டினாள். ஒரு தடவைகூட "மண்டையில ஏறாதா" என்று கேட்கவில்லை. (அந்த வார்த்தையை நாங்கள் ஆசிரியர்கள்தான் அடிக்கடி பாவிக்கிறோம். அதை நானே ஒத்துக்கொள்கிறேன்.)

இதே பிள்ளைகள் வகுப்பறைக்குள் வந்ததும் ஏன் சோர்ந்து போகிறார்கள்? எனக்குத் தெரிந்த காரணம் இது. மைதானத்தில் மூன்றாவதாக வந்தவன் ஓட்டத்துக்கும் புள்ளி உண்டு, அது அவன் இல்லத்துக்குச் சேரும், மாலைக்குள் பலகையில் ஏறிவிடும். வகுப்பில் அப்படி எதுவும் இல்லை. ஆறாம் தரத்தில் இருபத்தெட்டாம் பிள்ளையாக வந்தவன் அதுதான் தன் இடம் என்று முடிவு செய்துகொள்கிறான். பதினோராம் தரம் வரை அந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறான்.

அதனால்தான் போன வருடம் இரண்டாம் தவணையில் புள்ளிப் பலகையைக் கழற்றாமல் விட்டோம். தவணைப் பரீட்சையில் ஒரு பிள்ளை போன தவணையைவிட எத்தனை புள்ளி கூட எடுக்கிறதோ, அத்தனையும் அதன் இல்லத்துக்கு. கணிதத்தில் 18 எடுத்தவன் 31 எடுத்தால் இல்லத்துக்கு 13. 92 எடுத்தவள் 94 எடுத்தால் 2.

உடனே ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். "சேர், எங்க பிள்ள மொத பிள்ளையா வந்திருக்கு, அதுக்கு ரெண்டு புள்ளி. கடைசி பெஞ்சுல இருக்கிறவனுக்குப் பதிமூனு. இது நியாயமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு வாரம் யோசித்துவிட்டு, 75க்கு மேல் எடுத்து அதைத் தக்கவைத்துக்கொள்கிற பிள்ளைக்கும் 10 புள்ளி என்று மாற்றினோம். ஆனால் அந்தப் பதின்மூன்றைக் குறைக்கவில்லை, குறைக்கப் போவதும் இல்லை. அந்தப் பையனுடைய பெயரைக் காலைக்கூட்டத்தில் வாசித்தபோது, அவன் திரும்பி, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் பார்த்தான்.

இன்னொரு பிள்ளை விஞ்ஞானத்தில் 28இலிருந்து 36க்கு வந்தாள். டபிள்யூ (சித்தியில்லை), எஸ் (சாதாரண சித்தி) ஆனது. பதினோராம் தர முடிவில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடம். அதில் ஒரு பாடம் இப்படிக் கரையேறினால் என்ன பெறுமதி என்று பெரிய பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

நாங்கள் விட்ட ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். வரவுக்கும் இல்லப் புள்ளி கொடுத்தோம். வரவு நன்றாகக் கூடியது. விடிய எழும்பி லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) கதவு தட்டித் தம்பிமாரைக் கூட்டி வருகிற மாணவத் தலைவர்களும் உருவானார்கள். ஆனால் ஒரு நாள் ஏழாம் தரத்துப் பிள்ளை ஒன்று அனலாய்க் காயும் காய்ச்சலோடு மேசையில் தலை வைத்துப் படுத்திருந்தது. வராவிட்டால் இல்லத்துக்குப் புள்ளி போய்விடும் என்றது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்தத் தவணையிலிருந்து, சுகமில்லை என்று நீங்கள் ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும், புள்ளி குறையாது. எழுத வராதவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள். காய்ச்சல் பிள்ளையைத் தயவுசெய்து அனுப்ப வேண்டாம்.

ஆனால் சம்பள நாளில் கடைக்குப் போக, தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள, வீட்டில் விருந்தாள் வந்ததற்கு என்று நிறுத்துவது வேறு. அதற்குப் புள்ளி போகத்தான் செய்யும். அம்மாவும் அப்பாவும் விடிய பிரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிய) போனால் சின்னதை யார் பார்ப்பது என்பது எனக்குத் தெரியாத கஷ்டம் இல்லை, நானும் லயத்தில் வளர்ந்தவன்தான். அக்காவை நிறுத்துமுன் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில்) விட வழியிருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

பத்தாம், பதினோராம் தரத்துப் பையன்களைப் பற்றித் தனியாக ஒன்று. தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வருகிற அண்ணன்மாரின் புதுச் சப்பாத்தும் போனும் அவர்கள் கண்ணைப் பறிக்கின்றன. அந்த அண்ணன் கடையில் எத்தனை மணி வரை நிற்கிறான், எங்கே படுக்கிறான் என்பதை அவன் சொல்வதில்லை. 16 வயது வரை பள்ளிக்கூடம் அனுப்புவது இந்த நாட்டில் சட்டம். சட்டத்தை விடுங்கள், பரீட்சை எழுதிவிட்டுப் போகட்டும் என்றுதான் கேட்கிறேன். பையன் வேலைக்குப் போகிறேன் என்று ஆட ஆரம்பித்தால் எங்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பெட்டி கட்டிய பிறகு தெரிய வந்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மாலை ஏழிலிருந்து எட்டு வரை டீவியை நிறுத்துங்கள். லயத்தில் ஒரு வீடு மட்டும் நிறுத்திப் பயனில்லை, பக்கத்துக் காம்பராவில் நாடகம் ஓடினால் சுவர் தாண்டிக் கேட்கும். அந்த லயத்தில் இருக்கிறவர்கள் சேர்ந்து பேசி முடிவு செய்ய வேண்டிய காரியம் இது. ஒரு லயத்தில் போன வருடமே தொடங்கிவிட்டார்கள். முதல் இரண்டு வாரம் பெரியவர்கள்தான் முணுமுணுத்தார்களாம்.

அப்புறம், தேர்ச்சி அறிக்கை கைக்கு வந்ததும் எத்தனையாம் பிள்ளை என்று முதலில் கேட்காதீர்கள். போன தவணை எத்தனை, இந்தத் தவணை எத்தனை என்று பிள்ளையையே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். "எங்க பையனுக்குப் படிப்பு வராதுங்க சேர்" என்று அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் சொல்ல வேண்டாம். சொல்லத்தான் வேண்டுமென்றால், அவனை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லுங்கள். நான் மறுத்துப் பேசுகிறேன்.

பெற்றோர் கூட்டத்தை வேலை நாளில் வைத்தால் உங்களுக்கு ஒரு பேர் (ஒரு நாள் சம்பளம்) போகும். அதனால் வருகிற ஞாயிறு காலை எட்டரைக்கு வைக்கிறோம். பத்து மணிக்கு முடித்துவிடுவோம், டவுனுக்குப் போகிறவர்கள் அப்படியே பஸ் ஏறலாம். அப்பாமாரும் வாருங்கள். போன கூட்டத்தில் வந்திருந்த அப்பாமாரை ஒரு கை விரலில் எண்ணிவிட்டேன்.

கடைசியாக, சிவப்பு இல்லச் சோடனைக்கு இரவல் வாங்கிய பெரிய தார்ப்பாய் இன்னும் திரும்பவில்லை என்று அதன் சொந்தக்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். மழை நாள், அவர் கூரைக்குத் தேவைப்படுகிறது. யார் வீட்டில் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
அதிபர்