ஸ்பீக்கரில் போட்டுப் பேச முடியாதது

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சாரல் விழ ஆரம்பித்துவிட்டது, பாபநாசத்திலும் தண்ணீர் திறந்துவிட்டார்கள். அப்பாவுக்கு முட்டுவலி பரவாயில்லை. மேலத்தெரு வீட்டு விஷயம் கேட்டிருந்தாய், அதை அப்புறம் எழுதுகிறேன்.

பாப்பா ராத்திரி தூங்கவில்லை என்று சொன்னாயே, அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நாலாம் மாதம் அப்படித்தான் இருக்கும், பயப்படாதே. அதுவரை அடித்துப்போட்டாற்போலத் தூங்கின பிள்ளைகூட இந்த வயதில் மணிக்கொரு தரம் முழிக்கும். நம் நர்ஸம்மாவிடம் கேட்டேன். இந்த வயதில் தூக்கமே மாறுகிறதாம். பெரியவர்களைப் போல ஆழ்ந்த தூக்கமும் லேசான தூக்கமும் மாறி மாறி வருமாம். லேசாகிறபோதெல்லாம் பிள்ளை கண்ணைத் திறந்து பார்க்கும், பக்கத்தில் ஆள் இல்லையென்றால் அழும். அதோடு இடமும் மாறியிருக்கிறது. தென்காசியில் இருந்தவரை ஆச்சி, சித்தி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று ஆள் மாற்றி ஆள் மடியில் போட்டிருந்தார்கள். அங்கே உங்கள் ஃபிளாட்டில் யார் இருக்கிறார்கள்?

பகலில் ஜன்னலைத் திறந்து வை. வெளிச்சமும் சத்தமும் இருக்கட்டும். மாலை விளக்கு வைத்ததிலிருந்து எல்லாவற்றையும் குறை. ராத்திரி பால் கொடுக்கும்போது டியூப் லைட்டைப் போட்டு, கொஞ்சி, பேசி விளையாட்டுக் காட்டினால் அது பகல் என்றே நினைத்துக்கொள்ளும். இந்த வயதில் பகலும் இரவுமாக ஒரு நாளைக்கு 12லிருந்து 16 மணி நேரம் தூங்கினால் போதும் என்கிறார்கள், ஆகவே மொத்தக் கணக்கைப் பார், ராத்திரியை மட்டும் பார்த்துக் கலங்காதே. சித்தி தைத்துக் கொடுத்த கடுகுத் தலையணையை எடுத்து வைத்துவிடு, அவள் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். தலையணையே வேண்டாம், பத்தமடைப் பாயில் துணி விரித்து மல்லாக்கப் படுக்க வைத்தால் போதும். தூளியில் ஆட்டுவதென்றால் ஆள் பக்கத்தில் இருக்கிறபோது மட்டும் ஆட்டு. விடிய விடிய அதிலேயே விட வேண்டாம். சாதிக்காய் உரைத்துக் கொடுத்தால் தூங்கும் என்று யாராவது சொல்வார்கள். கொடுத்துவிடாதே. தேனும் கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால்தான், தண்ணீர்கூட வேண்டாம். உப்பு மிளகாய் சுற்றிப் போடு, அதில் தப்பில்லை.

மருமகள் சாப்பிடுகிறாளா?

கேட்டால் நீ உடனே "சாப்பிடுறாம்மா" என்பாய். நான் கேட்பது, உட்கார்ந்து சாப்பிடுகிறாளா என்று. பூண்டு ஊறுகாயும் பருப்புப் பொடியும் பார்சலில் வைத்திருக்கிறேன். பொடி டப்பாவுக்குக் கீழேதான் இந்தக் கடிதம். நீ மட்டும் படி. போனில் பேசினால் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், அவளும் கேட்கிறாள். மாமியார்க்காரி குறை சொல்கிறாள் என்று நினைத்துவிட்டால் அப்புறம் நான் எதைச் சொன்னாலும் குறையாகத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பார்த்தேன். பிள்ளை நன்றாகத்தான் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளை நெஞ்சில் கை வைத்திருந்தாள். நாம் பேசி முடிக்கிற வரைக்கும் எடுக்கவில்லை. மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிற கை அது. நான் "நல்லா இருக்கியாம்மா" என்றேன். "இருக்கேன் அத்தை" என்றாள், கண் என் பக்கம் வரவே இல்லை. கல்யாணத்துக்கு வந்தபோது அடுப்படியில் நின்று எனக்கே பதிலுக்குப் பதில் பேசி சிரிக்க வைத்தவள் அவள்.

நீ ஒன்றும் குறைந்தவன் இல்லை. மூன்று வீடு தள்ளிச் சொல்லி பெருமைப்பட்டுக்கொள்கிறேன், என் பிள்ளை டயபர் மாற்றுகிறான், ரசம் வைக்கிறான் என்று. உங்கள் அப்பா உன்னைத் தூக்கியதே உனக்குக் கழுத்து நின்ற பிறகுதான். ஆனால் ஏலே, ரசம் வைப்பது பகல் வேலை. ராத்திரி நீ காதில் அந்தப் பஞ்சை மாட்டிக்கொண்டு அடுத்த அறையில் படுக்கிறாய் என்று நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். காலையில் வேலைக்குப் போகணும் என்றாய். அவளுக்கும் 26 வார லீவு முடிந்து ஆவணியில் வேலைக்குப் போக வேண்டுமே, அப்போது யார் பஞ்சு மாட்டுவது?

பத்து மணிக்குப் பால் கொடுத்துவிட்டு அவள் போய்க் கதவை மூடிப் படுக்கட்டும். இரண்டு மணி வரை பிள்ளை உன் பொறுப்பு. முனகினால் உடனே தூக்காதே. ஈரம் பார், தட்டிக்கொடு, கொஞ்சம் பொறு. பசியென்றால் பிழிந்து ஃப்ரிட்ஜில் வைத்த பாலை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து வெதுவெதுப்பாக்கு. நிமிர்த்திப் பிடித்துப் பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. வெளியிலேயே வைத்தால் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆன பாலைக் கொடுக்காதே, சென்னை வெக்கைக்கு அதற்கும் முன்பே. தோளில் போட்டு ஏப்பம் எடு. உன் குரலுக்குத் தாலாட்டு வராது, பரவாயில்லை, நெஞ்சோடு சேர்த்து வைத்து ஏதாவது முணங்கு.

அப்படி நாலு மணி நேரம் அவளை விட்டும் அவள் தூங்காமல் கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டிருந்தால், தம்பி, அதைப் பிள்ளையால் வந்தது என்று சொல்லாதே. பெற்ற முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வரும், பெரும்பாலானவர்களுக்கு உண்டு, தானாகப் போய்விடும். இப்போது நாலு மாதம் ஆகிறது. பெரிய சித்தி பிள்ளை பெற்ற வருஷம் ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்திருந்ததை நீ கேள்விப்பட்டிருப்பாய். காத்து கருப்பு என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். டாக்டரிடம் போனால் குடும்பத்துக்குப் பேர் கெட்டுவிடும் என்று யாரும் கூட்டிப்போகவில்லை. அப்புறம் நடந்ததுதான் உனக்குத் தெரியுமே.

பிரசவம் பார்த்த டாக்டரிடமே சொல்லலாம். ரத்தச் சோகையா, தைராய்டா என்றும் பார்ப்பார்கள், அதனாலும் இப்படி வரும். பால் கொடுக்கும்போது சாப்பிடக்கூடிய மாத்திரையும் இருக்கிறது. அதற்குள் ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416, டெலி மனஸ் என்று அரசாங்க நம்பர், காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். உன் போனில் பதிந்து வை. அவள் "எனக்கும் பிள்ளைக்கும் இருந்து என்ன" என்கிற மாதிரி ஏதாவது சொன்னால், ஒரு நிமிஷமும் தனியாக விடாதே, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ, எனக்கும் போன் பண்ணு, நேரம் பார்க்காதே.

நான் நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்து வந்துவிடுவேன். ஆனால் முதலில் அவள் அம்மாவை வரச் சொல். மாமியார் இருந்தால் பெண்ணால் படுத்துக்கிடக்க முடியாது, எழுந்து காபி போட வேண்டும் என்று தோன்றும். எனக்கு வருத்தம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது, அது என் பாடு. சம்பந்தியம்மாவிடம் நீயே பேசு, நான் பேசினால் அது வேறு மாதிரி ஆகிவிடும்.

பாப்பாவுக்கு எண்ணெய் போட்டுக் குளிப்பாட்டினால் சாம்பிராணிப் புகையை முகத்துக்குக் காட்டாதே. தலையணை எடுத்தாயா?

டாக்டரிடம் எந்தக் கிழமை போகிறீர்கள் என்று எனக்கு எழுது. "சரிம்மா" என்று ஒற்றை வார்த்தை அனுப்பாதே. கிழமையைப் போடு.

இப்படிக்கு,
அம்மா