பின்னங்கால் விழும் ஆடுகள்: சாயல்குடி கடலோரத்தில் இரத்தப் பரிசோதனை கோரி மூன்றாவது மனு

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், இராமநாதபுரம்.
அனுப்புநர்: சாயல்குடி, நரிப்பையூர், மூக்கையூர், வாலிநோக்கம் பகுதி ஆடு வளர்ப்போர்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஆடுகள் பின்னங்கால் விழுந்து கிடப்பதால், மாடுகளின் இரத்தத்தைப் பரிசோதிக்கக் கோரி முன்பு கொடுத்த இரண்டு மனுக்களுக்கும் பதில் இல்லை. ஊருணியும் கருவேலங்காடும் மாட்டுத் தொழுவமும் இங்கே எவ்வளவு நெருங்கிக் கிடக்கின்றன என்பது தாங்கள் அறிந்ததே.

1. மாட்டின் வயிற்றறையில் செட்டேரியா டிஜிட்டேட்டா என்ற புழு வாழ்கிறது. வெள்ளை நூல் போல, விரல் நீளம் இருக்கும். மாட்டுக்குப் பெரிய தொந்தரவு இல்லை. அதன் குஞ்சுகள் இரத்தத்தில் ஓடும். கொசு அந்த இரத்தத்தைக் குடித்த இரண்டு வாரத்தில் அவை தொற்றும் பருவத்துக்கு வந்துவிடும். பிறகு அந்தக் கொசு ஆட்டைக் கடித்தால், புழு வழி தவறித் தண்டுவடத்துக்குள் போய்விடும்.

2. எங்களை வதைப்பது இதுதான். நேற்று மேய்ந்த ஆடு காலையில் எழ முடியாமல் கிடக்கும். காய்ச்சல் இல்லை. தழை போட்டால் தின்னும், அசை போடும், கண் தெளிவாக இருக்கும். பின்னங்கால் மட்டும் மடங்கி இழுபடும். குளம்பின் முன்பக்கம் மண்ணில் தேய்ந்து இரத்தம் கசியும். படுத்த இடத்தில் தொடை புண்ணாகி ஈப்புழு வைக்கும். வாதம் என்று பி-காம்ப்ளக்ஸ் ஊசியும் கால்சியமும் போட்டுக் காசு போனதுதான் மிச்சம். தண்டுவடம் சேதமான பின் எந்த மருந்தாலும் கால் திரும்பாது. அதனால்தான் முதல் நாளே பாருங்கள் என்று கெஞ்சுகிறோம். நாய் கடித்த ஆடும் இப்படி விழும். அது வெறிநோயாகவும் இருக்கலாம் என்பதால், கையுறை இல்லாமல் யாரும் வாயைத் தொடக் கூடாது.

3. புள்ளிமான், எருமை ஆகியவற்றிலும் இதன் உறவுப் புழு ஒன்று உண்டு; அதன் பெயர் செட்டேரியா செர்வி. காட்டில் நாய் கடித்துச் சாகும் மானைப் பிணப் பரிசோதனைக்குத் திறக்கும்போது வயிற்றறையையும் பார்க்கச் சொல்லுங்கள். புழு கிடைத்தால் 70 சதவீத ஆல்கஹாலில் எடுக்கட்டும். தண்டுவடத் துண்டை, அதைப் போல் பத்து மடங்கு ஃபார்மலினில் (கெடாமல் காக்கும் திரவம்) போடட்டும். மான் ஏன் ஓட முடியாமல் அகப்பட்டது என்று ஒருவராவது பார்க்க வேண்டாமா?

4. மாட்டு இரத்தப் பரிசோதனைக்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. 1 மில்லி இரத்தத்தை 2 சதவீத ஃபார்மலின் 9 மில்லியில் கலந்து, மையவிலக்கியில் சுழற்றி, அடியில் தங்கியதில் மெத்திலீன் நீலச் சாயம் சேர்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் போதும். இதற்குக்கூடவா மூன்று மனு?

5. குஞ்சுப்புழு உள்ள மாட்டுக்கு ஐவர்மெக்டின் 1 சதவீத ஊசி, 50 கிலோவுக்கு 1 மில்லி, தோலுக்கடியில் போட வேண்டும். கறவை மாட்டுக்குப் போட்டால் பால் விற்க முடியாது. அதற்கு மாற்று வழியை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

6. ஊருணிகளில் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடுங்கள். வடகிழக்கு மழைக்கு முன் விடுங்கள், ஐயா! மழைக்குப் பின் விட்டால் அதற்குள் கொசு பெருகிவிடும். ஆட்டுக் கொட்டிலை மாட்டுத் தொழுவத்திலிருந்து தள்ளிக் கட்ட வழிகாட்டுங்கள். மாலையில் வேப்பிலை மூட்டம் நாங்களே போடுகிறோம். அதற்கு மேல் எங்களால் ஆகாது.

மீண்டும் கேட்கிறோம்: பரிசோதனைக் குழுவை அனுப்புங்கள். வரும் தேதியைச் சொன்னால் மாடுகளையும் ஆடுகளையும் ஓரிடத்தில் கட்டி வைத்திருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆடு வளர்ப்போர்